மீட்டரை மாற்றச் சொல்லும் முன்: டூவீலர் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். கல்லும் மண்ணுமான பாதையில் ஓட்டுவதற்கென்றே நீங்கள் விற்கும் வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரைப் பற்றித்தான் இந்த மடல். நான் தேனிப் பக்கம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். எஸ்டேட் சூப்பர்வைசர்கள், வார இறுதியில் மலையேற வருகிற இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். மீட்டர் கோளாறு என்று வருபவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு எஸ்டிமேட் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: மீட்டர் அசெம்பிளி மாற்ற வேண்டும். என்ன சோதித்தார்கள், எத்தனை வோல்ட் வந்தது, எந்த வயரில் வரவில்லை என்ற விவரம் எதுவும் இருக்காது. தொகை மட்டும் தெளிவாக இருக்கும்.

கடிதம் வரவில்லை என்று தபால் பெட்டியை மாற்றுகிற வேலை இது. மீட்டருக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது, வேகம் சக்கரத்து சென்சாரிலிருந்து வருகிறது, ஆர்.பி.எம்.மும் வெப்பமும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.விலிருந்து வருகின்றன. இதில் எது வழியில் அறுந்தாலும் ‘மீட்டர் போச்சு’ என்றுதான் ஓட்டுபவர் சொல்வார். அவர் அப்படிச் சொல்லலாம். உங்கள் ஒர்க்‌ஷாப் அப்படிச் சொல்லக்கூடாது என்பதுதான் என் வாதம்.

சாதாரண ரோட்டு வண்டியை விட இந்த வண்டிகளுக்கு அடி அதிகம். நாள் முழுக்க அதிர்வு, அடிக்கடி ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புவது, ஓடையில் இறங்குவது, நடுவில் ஒன்றிரண்டு தடவை கீழே போடுவது. முதலில் தளர்வது பேட்டரி டெர்மினல் போல்ட். செல்ஃப் அழுத்தியதும் மீட்டர் அணைந்து மறுபடி எரிகிறது, டிரிப் மீட்டர் பூஜ்யத்துக்குப் போகிறது என்றால் ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் பேட்டரி. வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மீட்டருக்குள் இருக்கும் சிப் ரீசெட் ஆவதில் வியப்பில்லை.

சாவியை எடுத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் 12:00-க்குத் திரும்புகிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்பது இன்னொரு வகை. மீட்டருக்கு வழக்கமாக இரண்டு சப்ளை உண்டு: சாவி போட்டால் வருவது ஒன்று, எப்போதும் இருப்பது ஒன்று. எப்போதும் இருக்க வேண்டிய சப்ளை போய்விட்டது என்பதைக் கடிகாரமே சொல்கிறது. அந்தச் சப்ளையின் ஃபியூஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போயிருப்பது அதுதான் என்றால் ஒரு ஃபியூஸ் விலையில் சரி செய்யலாம்.

மல்டிமீட்டரை நம்பி ஏமாறுவதைப் பற்றி உங்கள் டிரெய்னிங் சென்டர்களில் தனியாக ஒரு வகுப்பே எடுக்கலாம். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். ஏனென்றால் அது கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. டெக்னீஷியன் அதைப் பார்த்து ‘சப்ளை வருது, எர்த் இருக்கு, அப்ப மீட்டர்தான்’ என்று எழுதிவிடுகிறார். வயர்களை மீட்டரோடு இணைக்கும் பிளக்கான கப்ளரைக் கழற்றி, அதில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் சப்ளையும் எர்த்தும் நல்லது. மங்கினால் வழியில் எங்கோ வயர் செத்திருக்கிறது. இந்தப் பல்பைச் சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டும்தான் மாட்ட வேண்டும். சிக்னல் வயரில் மாட்டினால் நல்ல இ.சி.யு.வும் போய்விடலாம்.

அந்த வயர் எங்கே செத்திருக்கும்? பத்தில் பாதிக்கு மேல், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் பக்கத்தில் என்பது என் அனுபவம். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரிங் கிட் என்கிற வயர்க் கட்டு ஒவ்வொரு முறையும் மடிந்து நிமிர்கிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை முழுசாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாவியைப் போட்டு ஹேண்டிலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் மீட்டர் ஒரு இடத்தில் சிமிட்டும். அங்கேயே நிறுத்தி, வயரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போனால் இடம் பிடிபடும். நின்றுகொண்டு ஓட்ட வசதியாக ரைசர் வைத்து ஹேண்டிலை உயர்த்திய வண்டிகளில் இது சீக்கிரமே வரும். வயரில் விட்டிருந்த தளர்வை ரைசர் தின்றுவிடும். உங்கள் ஷோரூமிலேயே ரைசரை ஆக்சஸரியாக விற்கிறீர்களே, அதை மாட்டும்போது வயரிங் கிட்டின் கிளாம்ப்பை அவிழ்த்து வழி மாற்ற வேண்டும் என்று மாட்டுபவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

எர்த்தைப் பொறுத்தவரை ஒரே சோதனை போதும். மீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை மீட்டரின் எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் ஃபிரேமில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் துரு அல்லது பெயிண்ட்.

வேகம் மட்டும் வரவில்லை, ஏ.பி.எஸ். விளக்கும் அணைய மாட்டேன் என்கிறது என்றால் மீட்டரைத் தொடவே வேண்டாம். சக்கரத்து சென்சாரில் சேறு அப்பியிருக்கும், அல்லது ஃபோர்க் பக்கத்தில் அதன் வயரைக் கல் அறுத்திருக்கும். ஏ.பி.எஸ். விளக்கு ஒழுங்காக அணைந்து, வேகம் மட்டும் காட்டவில்லை என்றால், ஏ.பி.எஸ். யூனிட்டிலிருந்து மீட்டருக்கு வரும் வழியைப் பார்க்கலாம்.

மீட்டர் எரிகிறது, ஆனால் ஆர்.பி.எம்., வெப்பம் எல்லாம் வெறும் கோடுகளாக இருக்கின்றன, இன்ஜின் மட்டும் நன்றாக ஓடுகிறது என்பது இப்போதைய வண்டிகளில் வரும் புதுத் தலைவலி. இது பெரும்பாலும், இ.சி.யு.வும் மீட்டரும் பேசிக்கொள்கிற கேன் பஸ் என்ற முறுக்கிய இரட்டை வயரில் வரும் கோளாறு. அந்த இரண்டு வயருக்கு நடுவே இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லாக் கப்ளரும் மாட்டியிருக்கும்போது அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையோடு தொடர்பு அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் யு0155 என்ற எர்ரர் கோடு வந்தால், மீட்டரோடு பேச முடியவில்லை என்று இ.சி.யு. சொல்கிறது, அவ்வளவுதான். மீட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. இந்த எர்ரர் கோடு வந்தது என்பதையே காரணமாகக் காட்டி மீட்டர் மாற்றச் சொன்ன எஸ்டிமேட்டை நான் பார்த்திருக்கிறேன். கழன்றிருந்தது கப்ளரில் ஒரு பின்.

சரி, உண்மையிலேயே மீட்டர் போகும் சந்தர்ப்பமும் உண்டு. எண்ணில் ஒரு கோடு மட்டும் மறைந்து 8 என்பது 6 மாதிரி தெரிந்தால் அது மீட்டருக்குள் இருக்கும் கோளாறுதான். வெயிலில் முழுக்கக் கறுத்துப்போன திரை ஆறிய பிறகும் தெளியாவிட்டாலும் அப்படியே. ஆனால் புது மீட்டரை மாட்டும் முன், சார்ஜ் ஆகும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 5000 ஆர்.பி.எம்.மில் பேட்டரி முனையில் 14, 14.5 வோல்ட் இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் பழைய மீட்டரைச் சாகடித்தது அதுவாக இருக்கலாம், புதியதையும் சாகடிக்கும். அப்போது இரண்டாவது மீட்டருக்கும் வாடிக்கையாளர்தான் பணம் கட்டுவார்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டருக்கு ஐ.பி. 67 தரம் என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள். ஓடையில் இறங்குவதற்கு அது போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குவதற்கு ஐ.பி. 69 என்று வேறு தரம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சர்வீஸிலும் உங்கள் வாட்டர் வாஷ் பையன் தண்ணீர் பீய்ச்சும் கன்னை நேராகக் கோன் செட்டுக்கும் மீட்டருக்குப் பின்பக்கக் கப்ளருக்கும்தான் பிடிக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு மாதம் கழித்துக் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மலையில் ஓட்டியதால் வந்தது என்று வாரண்டி மறுக்கப்படும். இன்னும் ஒன்று: புளித்த வாசனை வரும் சிலிக்கானை வைத்துக் கப்ளரை அடைக்கும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. அந்த வாசனை அசிட்டிக் அமிலம், அது செம்பை அரிக்கும். தண்ணீரை விட வேகமாகக் கெடுக்கிற வைத்தியம்.

மீட்டர் கண்ணாடிக்குள் லேசாகப் பனி படிந்து வெயிலில் தானாகப் போய்விடுவது கோளாறு இல்லை. உள்ளே தண்ணீர் தேங்கி ஆடினால்தான் கோளாறு. இதை அட்வைசர்கள் வாடிக்கையாளருக்கு விளக்கினாலே பாதிச் சண்டை குறையும்.

வண்டிக்காரர்கள் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரிலே இல்லாமல், மீட்டருக்குப் போகும் வயரை பிளேடால் கீறி ஃபாக் லாம்ப்புக்குக் கரண்ட் எடுக்கிற வேலையை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அப்படி வெட்டிய கிட்டுக்கு நீங்கள் வாரண்டி மறுப்பது நியாயம்தான். ஆனால் ஏன் மீட்டர் வயரில் எடுக்கிறார்கள்? எந்த வயர் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அதனால் வயரிங் டயகிராமைக் கொடுங்கள். இதில் தொழில் ரகசியம் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 168/2013 என்ற விதிப்படி, இருசக்கர வாகனக் கம்பெனிகள் வயரிங் டயகிராமையும் எர்ரர் கோடு விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும். இங்கே செய்து அங்கே ஏற்றுமதி செய்கிற வண்டிக்கும் அதே விதிதான். அங்கே தர முடிகிறதை இங்கே தர என்ன தடை? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது, ஸ்பேரையும் சோதிக்கும் கருவிகளையும் வெளியாட்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக. அது மேல்முறையீட்டுக்குப் போனது. அது கார்களைப் பற்றிய வழக்கு என்பதும் தெரியும். ஆனால் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. சட்டம் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கப்ளரையும் அதன் பின்களையும் தனி ஸ்பேராக விற்க ஆரம்பியுங்கள். இன்றைக்கு ஒரு பின் அரித்துப்போனால் முழு வயரிங் கிட் வாங்கு என்கிறீர்கள், அல்லது நான் பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் கப்ளரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மீட்டர் மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றும் முன் எடுத்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதுங்கள்: பேட்டரி வோல்ட், பல்பு சோதனை, எர்த் அளவு, கேன் ஓம். நாலு எண் எழுத இரண்டு நிமிடம் ஆகும்.

பழைய மீட்டரை வாரண்டியில் மாற்றினால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், காசு வாங்கி மாற்றினால் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டர் எவ்வளவு என்று தேதியும் சீலும் போட்டு எழுதிக் கொடுங்கள். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், நாளை வண்டியை விற்கும்போது ஓடாத வண்டி என்று ஏமாற்றப் பார்ப்பதாக அவர் மேல்தான் சந்தேகம் வரும். சில இடங்களில் கேட்டால் மட்டும் எழுதித் தருகிறார்கள். கேட்காமலே தருவதை எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் இந்த மாதமே ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவிடலாம். அதற்குப் புது மெஷினோ டிரெய்னிங்கோ தேவையில்லை.

இப்படிக்கு,
வண்டி எலக்ட்ரீசியன் ஒருவர்,
தேனி மாவட்டம்