துண்டு கொடுத்தாயிற்று, அப்புறம்?

மலையகத்தில் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினான்கு வருடமாகப் படிப்பிக்கிறேன். இதை முறைப்பாடு என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான். ஆனால் முதல் முறைப்பாடு என்மீது.

என் தரம் 7 வகுப்பில் ஒரு பிள்ளை. கரும்பலகையைப் பார்க்கவே மாட்டாள், எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில்தான் கண். இரண்டு மூன்று தடவை ஏசிப் பார்த்தேன், திருந்தவில்லை. "பார்த்து எழுதுற பழக்கம் போகட்டும்" என்று கடைசி வாங்கில் தனியாக உட்கார வைத்தேன். இரண்டு தவணை அப்படியே போனது. ஒருநாள் கணிதக் கொப்பிகளைத் திருத்தும்போது அவளுடைய கொப்பியின் பிரவுண் பேப்பர் உறை கிழிந்து, உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு துண்டு விழுந்தது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கொடுத்த துண்டு. இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று போட்டிருந்தது. திகதியைப் பார்த்தேன். எட்டு மாதம் பழையது. கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கரும்பலகைக்கு இன்னும் தூரமாக அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். துண்டைப் பற்றித் தெரியாமல் இல்லை. "திங்கக்கிழமை வெள்ளன டவுனுக்குப் போயி நம்பர் எடுக்கணுமாம் டீச்சர். போனா அன்னைக்குப் பேரு போயிரும். அதுவும் ஒரு தடவையில முடியாதாமே." ஒரு நாள் பேர் (அன்றைய வேலைக்கான கூலி), பஸ் காசு, திரீவீல் காசு, அப்புறம் கண்ணாடிக் காசு. இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் துண்டு உறைக்குள் போயிருக்கிறது.

பரிசோதனைக்கு வருகிறவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பி.எச்.ஐ. ஐயாவும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைப் மிஸ்ஸும் மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மேல் டிவிஷன் வரைக்கும் நடந்து வருகிறவர்கள். திட்டமும் நல்ல திட்டம்தான். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாரையும் பார்க்க வேண்டும், பெரிய பாடசாலை என்றால் தரம் 1, 4, 7, 10. எங்களுடையது சின்னப் பாடசாலை, அதனால் ஒருவரும் தவறுவதில்லை. 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் போடுகிறார்கள். அதற்கு யாரும் டவுனுக்குப் போக வேண்டியதில்லை, ஊசி பாடசாலைக்கு வருகிறது. ஆகவே வந்து செய்ய முடியாது என்று இல்லை. துண்டு எழுதிக் கொடுத்த பிறகு என்ன ஆனது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. என் இடாப்பில் ஒரு பிள்ளை, மிட்வைப் மிஸ்ஸின் புத்தகத்தில் அதே பிள்ளை, தோட்ட டிஸ்பென்சரியில் அதே பிள்ளை. மூன்று புத்தகமும் ஒரு நாளாவது ஒரே மேசையில் கிடந்ததை நான் கண்டதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை சங்கதியும் இதே மாதிரித்தான். வாரத்துக்கு ஒரு மாத்திரை, கொடுக்க வேண்டியது வகுப்பாசிரியர். நானும் எண்ணிக் கொடுத்து, எண்ணி எழுதினேன். ஒருநாள் வகுப்புக்குப் பின்னால் கானில் பார்த்தால் மாத்திரைகள் கிடக்கின்றன. விசாரித்தபோது ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள், மாத்திரை குடித்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம், வயிற்றுக்குள் ஏதோ அழுகிவிட்டது என்று வீட்டில் பயந்துவிட்டார்களாம். இரும்புச்சத்து மாத்திரை குடித்தால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நேர்ஸ் வந்து இதை முதல்நாளே ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கே அன்றுவரை தெரியாது.

இன்னொன்றையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள சாயம் சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் பரவாயில்லை, சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ தேசிக்காயோ சேர்ந்தால் நல்லது. எங்கள் பிள்ளைகளின் காலைச் சாப்பாடோ ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும். நாட்டுக்கே தேயிலை கொடுக்கிற இடத்தில் இதை யாரும் வந்து சொல்லவில்லை. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கிற பிள்ளைகளைச் சோம்பேறி என்று நாங்களும் ஏசிக்கொண்டிருந்தோம். 2016இல் எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32 அளவு. அன்றைக்கு அந்த வயதில் இருந்தவர்கள்தான் இன்றைக்கு என் வகுப்பில் இருக்கிறார்கள்.

மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இரண்டு கிழமை தயங்கினேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அம்மாவுக்குச் சிங்களம் வராது, அன்று அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் வராது. ராத்திரியில் தூக்கமே இல்லை, விடியும்வரை அழுகை வருகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் மகன். மறுநாள் என்னிடம் வந்து சொன்னான்: "அம்மா சொன்னத அப்படியே சொல்ல வெக்கமா இருந்துச்சு டீச்சர். தலையிடின்னு மட்டும் சொன்னேன்." பனடோல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்ட வருத்தத்துக்குச் சரியான மருந்துதான். அம்மாவின் மற்ற வருத்தத்தை அந்தப் பையன் அன்றிலிருந்து தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தான். கணக்கில் புள்ளி ஏன் இறங்கியது என்று அதுவரை அவனிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாடசாலையில் ஆலோசனைக்கு ஒரு ஆசிரியை இருக்கிறார். அறை இல்லை. ஆசிரியர் அறையின் மூலையில், மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், ஒரு பிள்ளை என்னத்தைச் சொல்லும்? மனசைப் பற்றி யாரிடமாவது பேசப் போனாலே தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் "பைத்தியம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை நான் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் அதை ஏதோ வரலாற்றுப் பாட ஆண்டு என்று நினைத்தார்கள்.

புத்திமதியில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏற்பாட்டில்தான் நம்பிக்கை. அதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1990களின் நடுவில் உலகத்திலேயே தற்கொலை வீதம் மிகவும் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய நச்சு உள்ள பீடைநாசினிகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தார்கள். பிந்திய வருடங்களில் அந்த வீதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்த் தைரியம் சொன்னதால் மட்டும் வந்த குறைவு அல்ல அது. கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சுப் போத்தலை அரசாங்கம் எடுத்துவிட்டது.

அப்படியான ஏற்பாடுகளைத்தான் கேட்கிறேன். கண் பரிசோதிக்கிறவர் தவணைக்கு ஒருநாள் பாடசாலைக்கு வரட்டும். ஊசி வருகிறதென்றால் இதுவும் வரலாம். அது முடியாவிட்டால், கிளினிக்குப் போகிற அன்று தாய்க்குப் பேர் போடும்படி தோட்ட நிர்வாகத்தோடு நீங்கள் பேசுங்கள். நான் பேசினால் கணக்கப்பிள்ளையைத் தாண்டாது. துண்டைத் தமிழில் எழுதுங்கள். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி, இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பிள்ளையை வைத்துத் தாயின் வருத்தத்தை மொழிபெயர்க்கச் சொல்வதை நிறுத்துங்கள். நீண்ட வழி ஒன்றும் இருக்கிறது. நேர்ஸ் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் கேட்கிறீர்கள், கேளுங்கள், ஆனால் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க எங்கள் பிள்ளை எத்தனை மைல் போக வேண்டும் என்று ஒருதரம் வரைபடத்தில் பாருங்கள். லயத்திலிருந்து ஒரு நேர்ஸ் வந்தால் "வெளிக்குக் கறுப்பாகப் போகும்" என்று கூச்சமில்லாமல் சொல்வாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கண்ணாடி இருக்கிறது. ஆசிரியர்கள் காசு சேர்த்து, ஒரு திங்கட்கிழமை நான் சொந்த லீவில் கூட்டிப் போனேன். இதை ஒழுங்குமுறை என்று சொல்ல முடியாது, அடுத்த பிள்ளைக்கு என் லீவு மிச்சமில்லை.

இந்த வருடப் பரிசோதனை முடிந்துவிட்டது. பதினொரு பேருக்குத் துண்டு. என் இடாப்பில் பெயர், துண்டின் திகதி, அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக "என்ன ஆனது" என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்றும் வெறுமையாக இருக்கின்றன. அதை நிரப்ப நான் யாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று ஒரு பெயரும் இலக்கமும் அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை