டான் பிங் கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "மெஸ்ல இன்னிக்கும் உப்புமாம்மா, ஒரே ஒரு டான் பிங் கிடைச்சா போதும்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாய். நான் சிரித்துவிட்டேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, தெருவுக்குத் தெரு இட்லிக் கடை இருக்க, ஒரு பிள்ளை தைவான் முட்டை ரொட்டிக்கு அழுகிறதே என்று சிரிப்பு. நீ பட்டென்று போனை வைத்தாய். உனக்கு ராத்திரி 9 மணி, இங்கே பதினொன்றரை. அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2013-ல் தைவானில் இந்தச் சின்ச்சு ஊருக்கு வந்தபோது உனக்கு ஆறு வயசு. நான் பெட்டியில் குக்கர், இட்லித் தட்டு, ரெண்டு கிலோ புளி எல்லாம் கட்டி எடுத்து வந்தவள். முதல் வாரம் லேப் பக்கத்து நூடுல்ஸ் கடையில், பாடம் பண்ணி வைத்திருந்த "பூ யாவ் ரோ", அதாவது கறி வேண்டாம், என்பதைச் சொன்னேன். கடைக்காரம்மா நன்றாகத் தலையாட்டினார். வந்த கிண்ணத்தில் மேலாகப் பொடிப்பொடியாகப் பன்றிக்கறி. கறித்துண்டுதானே வேண்டாம் என்றாய், இது வெறும் ருசிக்கு என்பது அவர் கணக்கு. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, சின்ச்சு காற்றில் நின்று அழுதேன். அந்த ஊர்க் காற்றில் அழுவதில் ஒரு வசதி, கண்ணீர் தானாகக் காய்ந்துவிடும். அன்றைக்கு ஒரு கரண்டி ரசத்துக்கு நான் அழுத அழுகைக்கும், இப்போது நீ அழுவதற்கும் என்ன வித்தியாசம்? இதை யோசிக்காமல் சிரித்தேனே என்றுதான் தூக்கம் போனது.

அப்புறம்தான் "வோ ச்சி சூ", நான் சைவம், என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கதவே திறந்த மாதிரி இருந்தது. நம் ஸ்வஸ்திக்கைக் கண்ணாடியில் பார்த்தது போல ஒரு குறி போட்ட பலகை தெருவுக்கு ஒன்று இருப்பது அதுவரை கண்ணில் படவே இல்லை. உள்ளே போனால் நாற்பது தட்டு. சர்க்கரைவள்ளிக் கீரை, வள்ளைக் கீரை, வெள்ளை வெளேரென்று பாகற்காய், வேகவைத்து ஆறப்போட்ட வெண்டைக்காய், பத்து விதமாக டோஃபு. எடுத்ததை எடைபோட்டுக் காசு வாங்குவார்கள். சந்திரக் கணக்கில் மாதம் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்கள் அவை. மற்ற நாளில் கறி தின்கிறவர்களும் அன்றைக்குச் சைவம். அம்மாயிக்கு இதைச் சொன்னபோது, "அட, நம்ம சனங்கதானா அவங்களும்!" என்று கேட்டார்.

அந்தப் பெருமையில் ஒரு நாள் எதிர் வீட்டு அத்தை, நாம் ஆ-யீ என்போமே, அவருக்குச் சாம்பார் கொண்டுபோனேன். சந்தையில் சின்ன வெங்காயம் பார்த்த சந்தோஷம் வேறு, கை நிறைய உரித்துப் போட்டிருந்தேன். அவர் மூடியைத் திறந்தார், மோந்தார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "இது சைவம் இல்லையே." வெங்காயம், பூண்டு இரண்டும் அவர்களுடைய பௌத்த சைவத்தில் ஆகாது. கடையில் பாக்கெட்டில்கூட முழுச் சைவம், பால் சைவம், முட்டைச் சைவம், பூண்டு வெங்காயம் சேர்த்த சைவம் என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். நான் ஊரெல்லாம் கறியென்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவள். என் சாம்பாரை ஒரு பாட்டி அசைவம் என்று தள்ளிவிட்டார். உன் அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஆனால் உன் டிபன் டப்பா விஷயத்தில் அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. உன் வகுப்பில் பிள்ளைகளே மேல்துணி கட்டிக்கொண்டு, பெரிய பாத்திரத்திலிருந்து ஒருத்தருக்கொருத்தர் பரிமாறி, சேர்ந்து சாப்பிட்டு, அப்புறம் மேசைமேல் தலைவைத்துத் தூங்குவார்கள். நீ மட்டும் தயிர்ச்சாதம். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வரும். நான் கத்துவேன். "எல்லாரும் வரிசையில நிக்கறாங்கம்மா, நான் மட்டும் உக்காந்திருக்கேன்" என்று நீ ஒரு தடவை சொன்னாய். சாப்பாட்டைப் பற்றி நீ குறையே சொல்லவில்லை, வரிசையைப் பற்றித்தான் சொன்னாய். எனக்குக் காதில் விழவில்லை பாப்பா. மூன்றாம் வகுப்பில் உன் டீச்சரே கூப்பிட்டு, இவளுக்குச் சைவமாகத் தனியே எடுத்து வைக்க முடியும், வரிசையில் நிற்கட்டும் என்றார். ரெண்டு வருஷம் தாமதம். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்னொன்று. காலையில் நீயும் அப்பாவும் "சைக்கிளுக்குக் காத்தடிக்க" இருபது நிமிஷம் முன்னாடியே கிளம்புவீர்களே, எங்கே போனீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். உன் முகக்கவசத்தில் சோயா சாஸ் வாசம் அடிக்கும். கேட்டால் நிறுத்த வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

நாற்றமடிக்கும் டோஃபு ஞாபகம் இருக்கிறதா? நகரக் காவல் தெய்வக் கோயில் சந்தையில் நீ கையை இழுத்துக்கொண்டு ஓடினாய். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். பொத்தின பிறகுதான் உறைத்தது, இது எனக்குத் தெரிந்த வாடை. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைத் தண்ணீர் தேங்கும் இடத்தில், பஸ் ஜன்னலைச் சாத்துவோமே, கிட்டத்தட்ட அதேதான். பிறந்த ஊரின் நாற்றத்தைத் தேடி கடல் தாண்டி வந்த மாதிரி ஆகிவிட்டது. சைவ உப்புநீரில் ஊறியதுதானா என்று மூன்று தடவை கேட்டு ஒரு துண்டு தின்றேன். பரவாயில்லை. இரண்டாவது துண்டுக்கு ஆசைப்பட்டதை உன்னிடம் காட்டவில்லை.

அதே போலத்தான் நீ கால் சர்க்கரை, ஐஸ் இல்லாமல் என்று வாங்கும் அந்த முத்து டீயும். அந்தக் கறுப்பு முத்து வேறொன்றும் இல்லை, நம் குச்சிக்கிழங்கு மாவு. 1980-களில் தைவானில் யாரோ டீயில் ஜவ்வரிசியைப் போட்டார்கள், தைச்சுங்கிலும் தைனானிலும் ஒவ்வொரு கடை நாங்கள்தான் முதலில் என்று சண்டை போட்டது. இத்தனை வருஷம் சேகோ ஆலை நடத்தியும் நம் ஊரில் அதைப் பாயசம், வடாம் தாண்டி டீக்குள் யாரும் கொண்டுபோகவில்லையே என்று எனக்கு ஆதங்கம். கூட இருக்கும் பிள்ளைகளிடம் சொல், சேலத்து ஜவ்வரிசி மாதிரியேதான் நான் குடித்து வளர்ந்தது என்று. "சைனாக்காரி" என்று கேலி செய்கிறவளுக்கு அது போதும்.

இங்கே வீடு அப்படியே இருக்கிறது. குப்பை வண்டி பீத்தோவனை வாசித்துக்கொண்டு வந்தால், நீ இல்லாததால் அப்பாதான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். போன செவ்வாய்க்கிழமை தவறவிட்டு, அடுத்த தெரு வரைக்கும் இசையைத் துரத்திக்கொண்டு போனார். செவன் லெவன் கடை ரசீதுகளை உன் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டு வைக்கிறேன். இங்கே ரசீது எண்ணேதானே லாட்டரிச் சீட்டு. ஒற்றைப்படை மாசம் 25-ம் தேதி குலுக்கல் முடிவு வந்ததும் நீயும் அப்பாவும் கடைசி மூன்று எண்ணைப் பார்ப்பீர்களே. ஜூலைக்கு அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அதில் ஒரு இருநூறு டாலர் கிடந்தாலும் கிடக்கும். இருக்கட்டும், நீ வந்து பார்.

நேற்று லேப் போகும் வழியில், நீயும் அப்பாவும் ரகசியமாகப் போன அந்தக் காலை டிபன் கடைக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் கேட்டார். நீ இந்தியாவில் படிக்கிறாய் என்றதும், அங்கே காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்றார். உப்புமா என்பதற்கு எனக்குச் சீன மொழியில் வார்த்தை கிடைக்கவில்லை. ரவைக் கஞ்சி, ஆனால் கெட்டியாக, உப்புப் போட்டு என்றேன். பாவம் என்றார். அப்புறம் கேட்காமலே டான் பிங் செய்யச் சொல்லிக் கொடுத்தார்: மைதாவோடு கொஞ்சம் கார்ன்ஃப்ளவர் மாவு, உப்பு, தண்ணீர் விட்டு நீர்த்தோசை பதத்துக்குக் கரைத்து, வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, மெல்லிசாக ஊற்றி ஒரு பக்கம் வெந்ததும் எடுத்துவிட வேண்டும். அதே கல்லில் முட்டையை அடித்து ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே ரொட்டியை மேலே போட்டு அமுக்கி, திருப்பி, சுருட்டி வெட்டு. சித்தி வீட்டுக்குப் போகும்போது செய்து பார். தோசைக்கல்லுக்கு முட்டை ஆகாது என்று சித்தி சொல்வாள், தனிக் கல் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். சின்ச்சு மி ஃபன், அதுதான் அரிசி நூடுல்ஸ், நான்கு கட்டு. வெந்நீரில் போட்டு எடுத்து எலுமிச்சை பிழிந்தால் சேவை, சோயா சாஸ் விட்டால் உன் ஊர்ச் சாப்பாடு. எது வேண்டுமோ செய்துகொள். கூடவே அப்பா ஒரு பச்சைப் பாக்கெட் குவாய் குவாய் வைத்தார். அவர் ஃபேக்டரியில் மெஷின் மக்கர் பண்ணாமல் சமர்த்தாக ஓட வேண்டும் என்று மேலே வைப்பார்களே, அதே தேங்காய் வாசனைச் சோளப் பொரிதான். நமக்கு ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒரு நாள், அவர்களுக்குத் தினமும். பரீட்சை வரை உன் லேப்டாப் பக்கத்தில் இருக்கட்டுமாம். பச்சையைத்தான் வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது, தேதி முடிந்ததும் ஆகாது என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

தேதி முடிவதற்கு முந்தின வாரம் எடுத்துத் தின்றுவிடு.

அம்மா