செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயலவை ஏழு முறை கூடியது. அதில் மூன்று கூட்டங்களை ஒரு கொடியே விழுங்கிவிட்டது. பொங்கல் விழாவும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் புத்தகப்பை வழங்கலும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

1943 அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த நாளையொட்டி, அவர் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவம் (ஐ.என்.ஏ.) பற்றிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண்காட்சி வைக்க முடிவானது. பதாகை அச்சிடுபவரிடம் நான் "இந்தியக் கொடி" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அசோகச் சக்கரத்தோடு வந்து இறங்கியது. அந்தக் கொடி 1947 ஜூலை 22இல்தான் ஏற்கப்பட்டது. 1944இல் ஐ.என்.ஏ.வோடு இம்பாலுக்குப் போரிடப் போனவர்கள் அதைக் கண்டதில்லை. தவறு என்னுடையது, செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் இளைஞர் பிரிவினர் கைப்பேசியில் பாயும் புலிக் கொடியைக் காட்டி, இதைத்தான் வைக்க வேண்டும் என்றார்கள். குரல்கள் உயர்ந்தன. புலி இருந்தது ஜெர்மனியில். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு நேதாஜி அங்கே திரட்டிய படையின் கொடி அது: மேலே ஆசாத், கீழே ஹிந்த், நடுவில் புலி. நம் ரப்பர் தோட்டங்களில் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் ஏந்தியது, 1931இல் காங்கிரஸ் ஏற்ற இராட்டைக் கொடி. காந்தியோடு ஒத்துப்போகாமல் 1939இல் காங்கிரஸ் தலைமையைத் துறந்தவர்தான் நேதாஜி. ஆனாலும் இங்கே இராட்டையை அவர் கைவிடவில்லை. படைப்பிரிவு ஒன்றுக்குக் காந்தியின் பெயரே இருந்தது. இதைச் சொன்ன பிறகுதான் கூட்டம் அடங்கியது. அடங்கியது என்றால், தேநீர் வந்தது.

மஸ்ஜித் இந்தியா சாலையில் துணி வாங்கி மகளிர் பிரிவு தைத்தது. இராட்டையை நேரில் பார்த்தவர் எங்களில் யாருமில்லை. முதலில் சைக்கிள் சக்கரம் போல வந்ததைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். புலிக் கொடியையும் ஜெர்மனி என்று எழுதி ஓரமாக வைத்தோம். வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டது என்னவோ புலிக்கு முன்னால்தான்.

அசல் கொடி ஒன்றாவது கிடைக்குமா என்று உறுப்பினர் வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை. நமது மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "வெள்ளைக்காரன் திரும்பி வர்றான்னு தெரிஞ்சதும், அப்பாவோட உடுப்பு, படம், கொடி எல்லாத்தையும் அம்மா அடுப்புல போட்டுட்டாங்க. பித்தளைப் பொத்தான் மட்டும் எரியல." அந்தப் பொத்தானைக் கேட்டோம். அதுவும் எங்கோ தொலைந்துவிட்டதாம். ஆகவே அவர் சொன்னதையே ஒரு தாளில் எழுதி, ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதியாக இருந்த நம் கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனின் படத்துக்கு அருகே ஒட்டினோம். எல்லாரும் அதிக நேரம் நின்றது அந்தத் தாளின் முன்.

மாணவர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. தேர்வு நேரத்தில் வைத்தது நம் திட்டக் குறை.

கொடி இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சங்க அறையில் கறையான். மூடிய பெட்டி ஒன்று வாங்க அனுமதி வேண்டி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்