அந்த டைம்டேபிளைக் கிழித்துப் போடு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும், பள்ளியிலிருந்து நிறுத்திய பையனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்த நீ போட்ட டைம்டேபிளின் படமும் கிடைத்தன. காலை ஒன்பது முதல் மதியம் மூன்றரை வரை எட்டு பீரியட், நடுவில் இண்டர்வெல், கடைசியில் நீதிபோதனை. கலர் பென்சிலில் கோடு போட்டு அழகாகத்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடு.

தினமும் அழுகையும் கத்தலும்தான் என்று எழுதியிருக்கிறாய். பின்னே இருக்காதா? அந்த எட்டு பீரியட் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பெயர் கூப்பிடுவது, சத்தம் அடங்கக் காத்திருப்பது, நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது, முதலில் முடித்தவன் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரே பிள்ளையோடு உட்காரும் உனக்கு இதெல்லாம் எதற்கு? எட்டு வயதுப் பையனுக்கு உட்கார்ந்து படிக்கிற பாடம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும், மிஞ்சினால் இரண்டு. அதையும் துண்டு துண்டாக வை. 1923இல் மறைந்த சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஒத்துவராது, ஆனால் இதில் அவர் கட்சி நான். கவனம் இருக்கும்போதே நிறுத்திவிட்டால், மறுநாள் கூப்பிட்டதும் வந்து உட்காருவான்.

மீதி நேரம் வீணாகிறதே என்று பதறாதே. விளையாடட்டும், எதையாவது பிரித்துப் போடட்டும், உன்னோடு சமையலறையில் நிற்கட்டும். சலிப்பாக இருக்கிறது என்று வந்து நின்றால் உடனே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடாதே. கொஞ்ச நேரம் விட்டால் அவனே ஏதாவது கண்டுபிடிப்பான்.

நான் என்ன டீச்சர் டிரெயினிங்கா படித்தேன் என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, ஒரு பாடம் தெளிந்த பிறகே அடுத்ததற்குப் போன பிள்ளைகளில் சராசரியான ஒருவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை முந்தினார் என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை, அதனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கனவு காணாதே. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறுகிறது என்பதை அவையும் மறுக்கவில்லை. உன் பலம் அங்கேதான் இருக்கிறது. அவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று உன்னால் பார்க்க முடியும்.

எப்படி என்றால், 302இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்கிறாய். அவன் 276 என்று எழுதுகிறான். வகுப்பில் இதற்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழும், கதை முடிந்தது. நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேள். "ரெண்டுல எட்டு போகாது, அதனால எட்டுல ரெண்டைக் கழிச்சேன், ஆறு. சைபர்ல ஏழு போகாது, அதனால ஏழு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு" என்பான். பார், அவனுக்குக் கழித்தல் தெரிகிறது. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இதே மாதிரி இன்னும் இருபது கணக்குக் கொடுத்தால் இருபதையும் அதே விதிப்படி தப்பாகப் போடுவான்.

அப்போது நோட்டை மூடிவிட்டுக் குச்சிகளை எடு. பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. மூன்று பெரிய கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் முன்னால் இருக்கின்றன. எட்டுக் குச்சி கேள். உதிரி இரண்டுதான், சின்னக் கட்டு ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு பெரிய கட்டைப் பிரிப்பான், பத்துச் சின்னக் கட்டு வரும். அதில் ஒன்றைப் பிரிப்பான். இப்போது இரண்டு பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பன்னிரண்டு உதிரி. எடுக்க வேண்டியதை எடுத்தால் 124 மிஞ்சும். கடன் வாங்குவது என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான். பைண்டிங் போட்ட பாடத்திட்டம் எதுவும் வாங்காமலே ஒரு மாதப் பாடம் உனக்கு இதிலேயே இருக்கிறது. (விலை கூடிய பாடத்திட்டங்களை முதல் வருஷமே வாங்காதே. பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று தெரிவதற்கு முன்னால் வாங்கியது எல்லாம் பரணுக்குத்தான் போகும்.)

வாசிப்புக்கும் இதே வழிதான். ஒரு பக்கம் வாசி, புத்தகத்தை மூடு, கதையை அவனைச் சொல்லச் சொல். கேள்வி கேட்காதே, திருத்தாதே, விட்டதை எடுத்துக் கொடுக்காதே. முதல் சில நாள் "தெரியாது" என்பான், இல்லாவிட்டால் ஒரு வரியோடு நிறுத்துவான். அப்புறம் நீ கவனிக்காமல் விட்டதையும் சேர்த்துச் சொல்வான். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து 2006இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். பத்துத் தடவை எழுது என்கிற தண்டனையை விட்டுவிடு.

இன்னொன்று, அவன் பள்ளியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முரண்டு பிடிப்பதில் பாதி அந்தக் களைப்பு. பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் விட்டுப்பிடி என்று ஹோம்ஸ்கூலிங் செய்கிற பெற்றோர்கள் சொல்வதுண்டு. ஆய்வில் வந்த கணக்கல்ல, அனுபவத்தில் வந்தது. அந்த மாதங்களில் வாசித்துக் காட்டு, கூட விளையாடு, அவன் எதில் தன்னை மறக்கிறான் என்று பார்த்து வை.

சட்ட விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீ இருக்கும் இடத்து விதியை யாரோ சொன்னதாக இல்லாமல் நீயே படித்துப் பார். பள்ளியிலிருந்து வாங்க வேண்டிய சான்றிதழ்களை இப்போதே வாங்கி வை. தேதி போட்டு தினமும் மூன்று வரி எழுது: என்ன படித்தான், எங்கே திணறினான், என்ன கேட்டான். அவன் எழுதியதில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தாளை எடுத்து வை. யாராவது அதிகாரி கேட்டாலும் உதவும், ஒன்றுமே நடக்கவில்லை என்று உனக்கே தோன்றுகிற நாட்களில் புரட்டிப் பார்க்கவும் உதவும். தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுதுவதாக இருந்தால், பதிவு விதிகளை ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

நாலு பேரோடு பழக வேண்டாமா என்று உறவினர்கள் துளைக்கிறார்களாம். கேள்வி நியாயமானதுதான், கேட்கிற தொனிதான் எரிச்சல். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது அதே பிள்ளைகளை அவன் பார்க்க வழி செய்: விளையாட்டுப் பயிற்சி, நூலகம், வீட்டுக்கல்வியில் இருக்கும் வேறு ஒரு குடும்பம். தினம் புதுப்புது முகங்களைக் காட்டுவதில் பயனில்லை. சண்டை போட்டுச் சமாதானமாக அதே ஆள் திரும்ப வர வேண்டும்.

அப்புறம் நீ. எல்லாப் பாடத்தையும் நீயே சுமக்காதே. அவன் அப்பாவிடம் ஒன்றிரண்டு பாடத்தை முழுசாக ஒப்படைத்துவிடு, அவர் முறைப்படியே நடத்தட்டும், எட்டிப் பார்த்துத் திருத்தாதே. உன் சின்னப் பெண் தூங்கும் நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு வைத்துக்கொள். உடம்பு முடியாத நாளில் ஒரு கதை வாசித்தால் போதும், பள்ளியிலும் பாடம் நடக்காத நாட்கள் எத்தனையோ உண்டு. ஒரு வருஷம் பார்த்துவிட்டு இது நமக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் அவனைத் திரும்பப் பள்ளியில் சேர்த்துவிடு. யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

அவன் எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை மட்டும், பொறுத்துப் பார்ப்போம் என்று விடாதே. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. இரண்டும் சரியாக இருந்தும் வாசிப்பு நகரவில்லை என்றால், டிஸ்லெக்சியா (வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் சிக்கல்) இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த நிபுணரிடம் கூட்டிப் போ. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா