தொடு கடிகாரத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

டச் சென்சார் வைத்த செஸ் கடிகாரம் இப்போது நம்பி ஆடும் நிலைக்கு வந்துவிட்டது. காயை நகர்த்தியவர் தன் பக்கத் தகட்டைத் தொட்டால், அவர் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை), இரண்டு டிஎம்1637 நான்கு இலக்கத் திரைகள், 3 செ.மீ. அகலத்தில் இரண்டு செப்புத் தகடுகள், ஒரு பைசோ பஸர், கொஞ்சம் ஒயர். பாகங்கள் இவ்வளவுதான். இவற்றை இணைத்து ஓடவைப்பது எளிது. இரண்டு பக்கத்துக்கும் வஞ்சனை செய்யாமல் ஓடவைப்பதுதான் பாடு. அதில் தோள்கொடுத்த உங்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, டிடிபி223 என்ற தொடு உணர் சிப்பின் தரவுத்தாளைப் பொறுமையாகப் படித்துக் காட்டியவருக்கு. எங்கும் கிடைக்கும் அந்தச் சிப்பு, விரல் எடுத்துச் சுமார் 12 வினாடி ஆனதும் மின்சிக்கன நிலைக்குப் போய்விடுகிறது. விழித்திருக்கும்போது 60 மில்லிவினாடிக்குள் தொடுகையை உணர்வது, தூங்கும்போது 220 வரை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட யோசனைக்குப் பிறகு காயை நகர்த்திவிட்டுச் சட்டென்று தட்டிக் கையை எடுத்தால் அந்தத் தட்டல் பதிவாகாமலே போகும். ஆடியவர் எதிராளியின் நேரம் ஓடுவதாக நினைப்பார், ஓடுவது அவருடையது. மேசை விளக்குக்கு இது குறையே இல்லை, கடிகாரத்துக்குப் பெருங்குறை. வேக நிலையிலேயே நிறுத்திவைக்க வசதியுள்ள டிடிபி224-க்கு மாறச் சொன்னதும் அவர்தான். பட்டனில் ‘டக்’ என்று கையில் தெரியும், தகட்டில் தெரியாது. அதனால் தொடுகை ஏற்கப்பட்டதும் பஸர் ஒரு சின்ன ஒலி எழுப்பும்படியும் வைத்தாயிற்று.

தகட்டின் மேல் 2 மி.மீ. அக்ரிலிக். இடையில் காற்று புகுந்தால் உணர்திறன் விழுந்துவிடும். இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். தகட்டிலிருந்து சிப்புக்கு வரும் ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதைத் தரை (கிரவுண்ட்) ஒயரோடு முறுக்கவே கூடாது.

ஆட்ட விதிகளை நினைவூட்டிய நடுவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். கடிகாரத்தின் மேல் விரலை வைத்திருப்பதையும், தொடாமல் மேலே காத்திருப்பதையும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி தடுக்கிறது. டச் சென்சாருக்கோ அந்த விதி தெரியாது. உணர்திறன் அதிகமானால் மேலே நிற்கும் விரலையே தொடுகையாக எடுத்துக்கொள்ளும். உணர் முனைக்கும் தரைக்கும் நடுவில் 5 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, படிப்படியாகக் கூட்டி, விரல் அக்ரிலிக்கில் பட்டால் மட்டும் வேலை செய்யும் அளவில் நிறுத்த வேண்டும். 50-ஐத் தாண்ட வேண்டாம். இன்னொன்று: மின்சாரம் கொடுக்கும்போது விரல் தகட்டில் இருந்தால், சிப்பு விரலையும் சேர்த்தே ‘ஒன்றுமில்லாத நிலை’ என்று அளந்துகொள்ளும். முதல் ஒரு வினாடி கையை எடுத்துவிடுங்கள்.

நேரம் பிசகுவதைக் கண்டுபிடித்தவருக்குத் தனி வணக்கம். ஊனோவின் முதன்மைச் சிப்புக்குத் துடிப்பு தருவது குவார்ட்ஸ் அல்ல, அதைவிடத் துல்லியம் குறைந்த செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதப் பிழை என்றாலே ஒரு மணிக்கு 18 வினாடி. 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழையுள்ள குவார்ட்ஸ் படிகம் போட்டால் அதே ஒரு மணியில் 0.18 வினாடிதான். மின்னணுக் கடிகாரம் என்று பெருமை பேசும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

நிரலைத் திருத்தியவர் மூன்று இடங்களில் கைவைத்தார். நிரலைக் காக்கவைக்கும் ‘டிலே’ கட்டளையை எடுத்துவிட்டு, ஓடிய மில்லிவினாடிகளைச் சொல்லும் ‘மில்லிஸ்’ மதிப்புகளின் வித்தியாசத்தைக் கழிக்கும்படி மாற்றினார். ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் தகட்டை மட்டும், அதுவும் தொடும் கணத்தை மட்டும் கணக்கில் எடுக்கவைத்தார். மறுபக்கம் விரலை வைத்தே இருந்தாலும் பாதகமில்லை. மூன்றாவதுதான் நுட்பமானது. தொட்டதும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தரும் கூடுதல் வினாடிகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு பூஜ்யமா என்று பார்த்தால், நேரம் தீர்ந்தவர் 2 வினாடியோடு உயிர்த்தெழுந்துவிடுவார். முதலில் கழி, பூஜ்யமா பார், அதன்பிறகே கூட்டு.

மலிவான செல்போன் சார்ஜரில் யாரும் தொடாமலே பதிவாகும் பேய்த் தொடுகைகள் வந்தபோது பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னவருக்கும் நன்றி. சார்ஜரின் மின் இரைச்சல் தரை ஒயர் வழியாகவே தகட்டுக்கு வருகிறது. திரைகள் கிளப்பும் இரைச்சலுக்கு, சிப்பின் மின் முனையை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டது போதுமானதாக இருந்தது.

பார்வையற்ற ஆட்டக்காரருக்குத் தட்டையான தகடு கைக்குத் தட்டுப்படாது என்று சொன்னவரை விட்டுவிட முடியாது. அக்ரிலிக்கின் மேல் தகட்டின் விளிம்பைச் சுற்றி 1 மி.மீ. உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் ஒட்டியிருக்கிறோம். உலோக வளையம் வேண்டாம், அதைத் தொட்டாலும் தகட்டைத் தொட்டதாகவே பதிவாகும்.

நன்றியுடன்,
கடிகாரம் செய்தவர்கள்