எங்கள் வண்டிக்கும் ஒரு வேலை கொடுங்கள்

பள்ளி ரோபோ போட்டிக்கு ஆட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தாராவியில் ஞாயிறுதோறும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லித்தருகிறேன். உங்கள் போட்டியின் ஆட்டத்துக்கு ஒரு யோசனை சொல்லவே இந்தக் கடிதம்.

போன வருஷம் வேறொரு போட்டிக்குப் போயிருந்தோம். சரிவில் ஏறி மேடைக்குப் போனால்தான் புள்ளி. எங்கள் வண்டியில் மும்பை லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய மலிவான மஞ்சள் மோட்டார் நாலு. பாதிச் சரிவில் சக்கரம் வழுக்கிப் பின்னாலேயே வந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க ரிமோட்டும் கையுமாக எதிரணியை வேடிக்கை பார்த்தோம். "நமக்கு வேற வேலையே இல்லையாண்ணா?" என்றாள் ஒருத்தி.

ஏபியு ரோபோகான் என்ற ஆசிய-பசிபிக் கல்லூரி ரோபோ போட்டி 2008-இல் புனேயில் நடந்தபோது கோவிந்தா உறியடியையும், 2022-இல் டெல்லியில் நடந்தபோது லகோரியையும், அதாவது நம் ஏழு கல்லையும், ஆட்டமாக்கினார்கள். தெருவில் பார்த்த விஷயமென்றால் கூட வந்த பாட்டிக்கும் யார் ஜெயிக்கிறார்கள் என்று புரியும்.

அந்த வழியில் என் யோசனை: விடியலில் சைக்கிளில் கிளம்பும் நம் இட்லிக்காரர்கள். களத்தில் ஒரு மூலை அடுப்படி, எதிரே நாலு தெருமுனை. இட்லிக்கு வட்டமாக வெட்டிய ஃபோம். தரையில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தால் இட்லிக்கு 1 புள்ளி. கை இல்லாத வண்டிக்கும் அது முடியும். தூக்கித் தட்டில் வைத்தால் 3. சாம்பார் என்பது மூடாத கிண்ணத்தில் நிறைந்த பிங்பாங் பந்துகள். வழியில் 1 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். தாண்டியபின் கிண்ணத்தில் மிஞ்சும் பந்துகளுக்கே புள்ளி. (நிஜ சாம்பார் வேண்டாம், பேட்டரி இருக்கிறது.)

முக்கியமான விதி இனிமேல்தான். ஒரு தெருமுனைக்கு ஆறு இட்லிதான் கணக்கு, ஏழாவதற்குப் புள்ளி கிடையாது. இல்லாவிட்டால் பெரிய வண்டி ஒரே இடத்தில் கொட்டிக் குவித்துவிடும். ஃபர்ஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ரோபோட்டிக்ஸ் போட்டியில் மும்மூன்று அணிகள் கூட்டணி சேர்ந்து ஆடுவதுபோல இங்கே இரண்டிரண்டு அணிகள் சேரட்டும். ஒரு வண்டி இட்லியும் மற்றது சாம்பாரும் ஒரே முனைக்குக் கொண்டுசேர்த்தால் 10 புள்ளி கூடுதல். அப்போது பணக்காரப் பள்ளியின் வண்டி எங்கள் வண்டியைத் தேடி வரும்.

எத்தனை இட்லி, எத்தனை புள்ளி என்பதெல்லாம் ஆடிப் பார்த்து மாற்றவேண்டியவை. விதிகளை அச்சுக்குக் கொடுக்குமுன் எங்கள் மஞ்சள் மோட்டார் வண்டியை ஒருமுறை களத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். எந்த ஞாயிறும் வருகிறோம், காலை 10 மணிக்கு மேல். அதற்கு முன்னால் என்றால் பாதிப் பேர் வீட்டில் இட்லிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
தாராவி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அண்ணன்