செல்வத்துக்கு: சேர மறுக்கும் கோடுகள் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் மனை வரைபட ஃபைலும் கிடைத்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே மூத்தவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள், நம்மைப் போலவே சிவில். பரண் மேலிருந்த என் மினி டிராஃப்டரைத் துடைத்துக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

சரி, உன் மனைக்கு வருகிறேன். நாலு எல்லைக் கோடும் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, ஜாயின் கொடுத்தால் ஒன்றாக மாட்டேன் என்கின்றன, வரைகிற சாஃப்ட்வேரான ஆட்டோகேடை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஃபைலைத் திறந்து பார்த்தேன், சாஃப்ட்வேரில் ஒரு கோளாறும் இல்லை. நாம் மேலிருந்து பார்க்கிறோம். அது முனைகளின் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் பார்க்கிறது, இசட் என்பது உயரம்.

தெற்குக் கோட்டைத் தொட்டு ப்ராப்பர்ட்டீஸைத் திற. அதன் இரண்டு முனைகளின் இசட் 99.850, 100.215 என்று இருக்கும். உயரங்களை ஒப்பிடும் நிலைப்புள்ளியான பெஞ்ச் மார்க்கை 100 என்று வைத்து, சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த லெவல்கள் அவை. அந்தப் புள்ளிகளை ஸ்னாப் செய்து, அதாவது கச்சிதமாகப் பிடித்து, நீ தெற்கும் கிழக்கும் போட்டபோது உயரமும் சேர்ந்தே வந்துவிட்டது. வடக்கும் மேற்கும் எஃப்.எம்.பி. எனும் சர்வே துறையின் புல வரைபட அளவை வைத்து நீயே போட்டவை, அவற்றின் இசட் சுழி. மேலிருந்து பார்த்தால் கிழக்கும் வடக்கும் மூலையில் கூடுகின்றன. வியூவை ஃப்ரண்ட்டுக்கு மாற்று, இரண்டுக்கும் நடுவே நூறு மீட்டர் உயரம் நிற்கும். தெற்கும் கிழக்கும் மட்டும் சேர்ந்தன, அதுகூட உயரமும் கலந்த தொடர்கோடான 3டி பாலிலைனாகத்தான். எல்லையிலிருந்து விடவேண்டிய இடத்தைக் காட்டும் செட்பேக் கோட்டுக்கு ஆஃப்செட் (இணைகோடு) வராததற்குக் காரணம் அதுதான்.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் பக்கம் சரிவு மனைகள் அதிகம். 20 மீட்டர் எல்லையில் 3 மீட்டர் இறக்கம் இருந்தால் சாய்ந்த கோட்டின் நீளம் 20.22 என்று காட்டும். பத்திரத்தில் இருக்கும் 20 மீட்டர் தரைமட்ட அளவு. அந்த 22 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு பக்கத்து மனைக்காரரோடு சண்டை வரக்கூடாது.

முதலில் லெவலோடு இருக்கும் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வை. வடிகால் சாய்வு பார்க்கும்போது அது கட்டாயம் வேண்டும். அப்புறம் மற்ற காப்பியில் சேர்ந்துபோன அந்த இரண்டு கோட்டையும் எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனியாக்கி, நாலையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் இரண்டிலும் 0 என்று டைப் செய். கோடுகள் நிறைய இருந்தால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இருக்கும், எல்லாவற்றையும் தட்டையாக்கும் ஃபிளாட்டன் கை கொடுக்கும். இனி பிளான் போடும்போது ஓஸ்னாப்இசட் என்ற செட்டிங்கை 1 என்று வைத்துக்கொள், உயரப் புள்ளியை ஸ்னாப் செய்தாலும் கோடு தரையிலேயே நிற்கும்.

இது முடிந்தபிறகும் இரண்டு மூலை சேரவில்லை. வடகிழக்கில் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. நீ மீட்டரில் வரைகிறாய், யூனிட்ஸில் தசமம் இரண்டோடு நிற்கிறது, அதனால் தூரம் அளக்கும் டிஸ்ட்டைக் கொடுத்தால் 0.00 என்றே சொல்லும். தசமத்தை எட்டு இடமாக்கிப் பார், உண்மை தெரியும். அங்கே மூலையை வளைத்துச் சேர்க்கும் ஃபில்லெட்டை எடுத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி இரண்டு கோட்டையும் தொடு. ஆரம் சுழியாகி மூலை கச்சிதமாகக் கூடும்.

தென்மேற்கு மூலைதான் எனக்கு உறுத்துகிறது. அங்கே இடைவெளி 42 மில்லிமீட்டர். பாலிலைனைத் திருத்தும் பெடிட்டில் மல்டிபிள், ஜாயின் போய், எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஃபஸ் தூரம் 0.05 கொடுத்தால் அந்த மூலையும் மூடிக்கொள்ளும், ஏரியாவும் வந்துவிடும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் நிலத்து எல்லையில் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன். அதில் சேர்க்கும் முறை எக்ஸ்டெண்ட் என்றால் கோடு நீளும் அல்லது குறையும், ஆட் என்றால் இல்லாத ஒரு துண்டு முளைக்கும். எதுவானாலும் அளந்து வந்த மூலை நகர்ந்துவிடும். வீட்டு பிளானில் சுவர் முனை இரண்டு மில்லி விலகியிருந்தால் ஃபஸ் கொடுக்கலாம், தப்பில்லை. நாலே முக்கால் சென்டில் ஒரு வீடு கட்டப்போகிற குடும்பத்தின் எல்லைக்கல்லை கம்ப்யூட்டர் நகர்த்தக் கூடாது.

அப்புறம், மேற்குக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு படுத்திருக்கிறது, லேயர் மாற்றியபோது விழுந்த காப்பியாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில்லை ஓட்டி நீக்கிவிடு. அதன் ஆப்ஷனில் லேயரை இக்னோர் செய்யச் சொல்ல மறக்காதே, இல்லாவிட்டால் வேறு லேயரில் இருப்பதால் அதை விட்டுவிடும்.

சர்வேயரிடம் ஒன்று மட்டும் கேள்: தென்மேற்கில் அவர் பிரிசம் (டோட்டல் ஸ்டேஷன் குறிபார்க்கும் கண்ணாடி) வைத்தது கல்லின் மேலா, காம்பவுண்ட் சுவரின் மூலையிலா? சுவர் மூலை என்றால் 42 மில்லி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும், கல்லின் மேல் வைத்து அந்த ஒரு புள்ளியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். பதில் வந்ததும் எழுது, மிச்சத்தை அதற்கப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
ராஜேந்திரன்